விரிசல்மேல் ஒட்டிய கண்ணாடி

"அப்படியே நில்லுங்கம்மா, மூஞ்சிய மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கோங்க, சிரிக்க வேணாம்" என்று வாசற்படியில் மண்டி போட்டுக்கொண்டு அந்தத் தம்பி சொன்னதும், பூங்காவனம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிக்க வேணாமாம். யாருப்பா இப்போ சிரிச்சது? அடுப்பில் உலைக்குத் தண்ணீர் வைத்தோமா இல்லையா என்றே ஞாபகமில்லை, இதில் சிரிப்பு ஒன்றுதான் குறைச்சல். இவன் ஒருத்தன் மட்டும் வரவில்லை, கீழே ஒரு கூட்டமே வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பீச்சுக்குப் போகாமல், பிரியாணிக்குப் போகாமல், கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு இடிந்த கட்டடம் பார்க்கக் கிளம்பி வருகிற கூட்டம். ஏ பிளாக்கில் அரசமரம் மாடிப்படியைப் பிளந்துகொண்டு வளர்ந்திருப்பதைப் பார்த்து ஒரு பெண் "ஐயோ, எவ்ளோ அழகு!" என்று கத்தியது இங்கே வரைக்கும் கேட்டது. அந்தப் படியில்தான் அங்கே குடியிருந்த தனகோட்டியின் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து, கட்டிலோடு கிடந்து, கட்டிலோடேயே போய்ச் சேர்ந்தாள். அதெல்லாம் படத்தில் தெரியாது. தெரிந்தால் இன்னும் அழகு என்பார்களோ என்னவோ. காலி செய்துகொண்டு போனவர்கள் விட்டுப்போன தகரத் தபால் பெட்டி ஒன்று துருப்பிடித்து வாயைப் பிளந்துகொண்டு தொங்குகிறது, அதற்கு முன்னால் வரிசையில் நின்று படம் பிடிக்கிறார்கள், ரேஷன் கடையில்கூட இவ்வளவு ஒழுங்கான வரிசையை அவள் பார்த்ததில்லை. தன் வீட்டில் ஒரு டைல்ஸ் பேந்தால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுகிற ஜனம், அடுத்தவன் வீடு பேந்தால் அழகு என்கிறது. ஆனால் இந்தத் தம்பியைத் திட்ட மனசு வரவில்லை. நிரஞ்சன் என்று பேர். போன வருஷமும் வந்தான், இதே ஜன்னலில் நிற்க வைத்து எடுத்தான், போகும்போது "வர்றேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவனும் இருக்கிறான் உலகத்தில்.

"கை இன்னும் கொஞ்சம் மேல, அவ்ளோதான்." கை மேலே போனது. முதுகுக்குப் பக்கத்தில் சுவரின்மேல் போட்டிருந்த ஈரப் புடவை தோளில் உரசிச் சில்லென்றது. அது கொடியில் காய வேண்டிய புடவை. ஆணியடித்துச் சுவரில் தொங்கவிட்டிருந்தாள். வெள்ளிக்கிழமையிலிருந்து தொங்குகிறது, காய்ந்தால் மறுபடி தண்ணீர் தெளித்து ஈரமாக்கித் தொங்கவிடுகிறாள், யாராவது கேட்டால் ஈரம் காய்கிறது என்று சொல்ல வேண்டுமே. கேட்க யார் இருக்கிறார்கள்? சி பிளாக் முழுக்க மிச்சமிருப்பது இரண்டு வீடுதான், ரெண்டாவது மாடியில் இவள், தரையில் ஜெகதா. மற்றவர்கள் எல்லாம் ஹவுசிங் போர்டு கொடுத்த புது வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு ஊருக்கு வெளியே ஏரிக்கரைப் பக்கம் போய்விட்டார்கள். ஜெகதாவுக்குக் காசிமேட்டில் மீன் கூடை, விடிகாலையில் ஏலத்துக்கு நிற்க வேண்டும், ஏரிக்கரையிலிருந்து எந்த பஸ் பிடித்து வருவாள், அதனால் அவள் போகவில்லை. பூங்காவனம் ஏன் போகவில்லை என்று ஜெகதா கேட்டதில்லை. கேட்காமலே தெரியும். மகன் லோகு வந்தால் இந்தக் கதவைத்தானே தட்டுவான். இந்த வீடு தவிர அவனுக்கு எந்த வீடு தெரியும்?

புடவைக்குப் பின்னால் விரிசல். கூரை மூலையில் ஆரம்பித்து, அடுப்பங்கரைச் சுவரில் குறுக்காக இறங்கி, காலியாகிப்போன முதல் மாடி வழியாக ஜெகதா வீட்டுக்குள் போய் அவள் பீரோவுக்குப் பின்னால் முடிகிறது. மேலே அகலம், கீழே போகப்போக நூல். ஜெகதா மகள் மோனிஷாவின் வளைகாப்புக்கு வெள்ளையடித்ததில் அந்த நூலும் மறைந்துவிட்டது, அதனால் அவளைப் பொறுத்தவரை விரிசல் என்பது மேலே பூங்காவனத்து வீட்டுச் சமாச்சாரம். முதல்முதலில் போர்டிலிருந்து வந்த இன்ஜினியர் விரிசலுக்குக் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, ரெண்டு பக்கமும் பசை வைத்து ஒட்டினார். நல்ல மனுஷன், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். "செவுரு நகந்துச்சுன்னா இந்தக் கண்ணாடி உடஞ்சிடும்மா. உடஞ்சா அன்னிக்கே எனக்குப் போன் போடணும், அன்னிக்கே ரெண்டு வீடும் காலி பண்ணிடணும், தர்க்கம் கூடாது. உடையாத வரைக்கும் பயமில்ல." ஜெகதா அந்தக் கடைசி வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டாள். உடையாத வரைக்கும் பயமில்லை. கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது படியடியில் நின்று ஒரு குரல் கொடுப்பாள், "அக்கா, கண்ணாடி எப்படி கீது?" மேலேயிருந்து இவள், "நல்லா கீதுடி." குட் மார்னிங் மாதிரி ஆகிவிட்டது அது.

முதல் தடவை உடைந்தபோது முறத்தின் நுனி இடித்துவிட்டது என்றுதான் நினைத்தாள். சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள். அன்றைக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், திரும்பினாள், முறம் சுவரில் பட்டது, பட்டதா, பட்டிருக்கும், படாமல் எப்படிக் கண்ணாடி உடையும். ஐயோ, இன்ஜினியர் வந்து திட்டுவாரே, ஒரு கண்ணாடியைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லையா என்பாரே என்று பயந்து, முருகன் படத்துக் கண்ணாடியைக் கழற்றினாள். கண்ணாடி அறுக்கிற கட்டர் வீட்டிலேயே இருந்தது. லோகு பூக்கடைப் பக்கம் ஃப்ரேம் கடையில் வேலை பார்த்தவன். படம் எது கிடைத்தாலும் சட்டம் போட்டுக் கொண்டுவந்து சுவரில் மாட்டிவிடுவான், சாமிப் படம், கல்யாணப் படம், செத்தவர்கள் படம், காலண்டரில் வந்த மயில் படம்கூட. கட்டரை மண்ணெண்ணெயில் தோய்க்கணும்மா, ஸ்கேலை அழுத்திப் பிடிக்கணும், ஒரே இழுப்பு, அதே கோட்டுல ரெண்டாவது தடவை இழுத்தியோ, கண்ணாடி கோச்சுக்கும், கோணலா உடையும். அவன் விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்தது, இப்படிப் பயன்படும் என்று யார் கண்டது. ரெண்டாவது தடவை உடைந்தபோது முறமே கையில் இல்லை. அப்போது பூனை என்று வைத்துக்கொண்டாள். அடுத்த தடவை தீபாவளி வெடி. அதற்கடுத்த தடவை காரணம் தேடவில்லை. கல்யாணப் படத்துக் கண்ணாடி போனது, அவள் புருஷன் மாலை போட்ட படத்துக் கண்ணாடி போனது, மயில் போனது. அவள் கைக்கு ஒரு படத்துக்கு ஒரு துண்டுதான் நேராகத் தேறும், மிச்சம் நொறுங்கிக் குப்பைக்குப் போகும். ஒவ்வொரு தடவையும் விரிசலுக்குள் கந்தலை அடைத்து, மேலே சுண்ணாம்பைப் பூசி, அதற்குமேல் எம்-சீல் வைத்துக் கண்ணாடியை ஒட்டுவாள். இன்ஜினியர் வருவார், வாசலில் நின்றே எட்டிப் பார்ப்பார், "குட், அப்படியே இருக்கு" என்பார், போய்விடுவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். யார் சொன்னது, பார்க்கிறவன் அவசரத்தில் இருந்தால் தோட்டத்தையே மறைக்கலாம். இப்போது சுவரில் கண்ணாடியோடு மிச்சமிருப்பது ஒரே ஒரு படம்தான். லோகு படம். வெள்ளிக்கிழமை மறுபடி உடைந்துவிட்டது, நாளைக்கு இன்ஜினியர் வருகிறார், லோகு படத்தைத் தொட அவளுக்குக் கை வரவில்லை.

"அம்மா, அந்தப் பொடவைய எடுத்துடலாமா?" தம்பி கேமராவிலிருந்து தலையைத் தூக்கினான். "போன வருஷம் அங்க ஒரு குட்டிக் கண்ணாடி இருந்துச்சே, அதுல வெயில் பட்டுச் சூப்பரா மின்னுச்சு." ஊரில் எத்தனையோ கண் இருக்க, இவன் கண் போய் அதில்தானா பட வேண்டும். "ஈரம் தம்பி, காயணும். இங்க வெயிலே வர்றதில்ல" என்றாள், ஜன்னல் வழியாகக் கொட்டுகிற வெயிலில் நின்றுகொண்டு. அவன் சிரித்தான். நல்லவேளை, வற்புறுத்தவில்லை. "பரவால்ல, அந்தக் கலரும் நல்லாத்தான் இருக்கு, செவுத்தோட சேர்ந்து போவுது" என்று சொல்லி ரெண்டு எடுத்தான். அப்புறம் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு, பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்து நீட்டினான். "போன வருஷத்து படம்மா. உங்களுக்குன்னு பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வந்தேன்." பிரித்தாள். சட்டம் போட்டு, கண்ணாடி போட்டு, அவள். கண்ணாடி. படத்தை அப்புறம்தான் பார்த்தாள். முதலில் கண்ணாடியைத்தான் பார்த்தாள், கட்டை விரலால் ஓரத்தைத் தடவி, கனம் போதுமா, நல்ல கண்ணாடியா என்று. முருகா, கேட்காமலே கொண்டுவந்து கையில் வைக்கிறாயே. தம்பி அவள் கண் கலங்குவதைப் பார்த்து வேறு என்னவோ நினைத்துக்கொண்டு, "எல்லாருக்கும் ரொம்பப் புடிச்சுதும்மா. ஒரு ஹால்ல மாட்டி வெச்சோம், நெட்லயும் போட்டேன், முப்பதாயிரம் பேர் பார்த்துருக்காங்க. யாரு இந்தம்மான்னு கேட்டுட்டே இருக்காங்க" என்றான். "இன்னா பேரு வெச்சே படத்துக்கு?" "யாருமில்லாத வீடு." "அப்ப நான் யாருப்பா? நான் நிக்கிறேனே." அவன் தலையைச் சொறிந்தான், பாவம். "இல்லம்மா, அது ஒரு ஃபீலுக்கு..." என்று இழுத்தான்.

முப்பதாயிரம் பேர். அவன் பேசிக்கொண்டேயிருந்தான், இந்தக் கட்டடமெல்லாம் இடிச்சுட்டா இந்த மாதிரி வெளிச்சம் எங்கேயும் கிடைக்காதும்மா என்றோ என்னவோ, அவள் காதில் முப்பதாயிரம் மட்டும் நின்றது. முப்பதாயிரம் பேரில் ஒருத்தன் லோகுவாக இருக்க மாட்டானா. போனும் கையுமாகத்தானே கிடப்பான் எப்போதும், சோறு தின்னும்போதும் போன். எங்கேயோ ஒரு ஊரில், எந்த ஊரோ, வேலை முடிந்து படுத்துக்கொண்டு போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்திருப்பான், திடீரென்று அம்மா வந்திருப்பாள், இதே ஜன்னலில், இதே கம்பியைப் பிடித்துக்கொண்டு. பார்த்துவிட்டு? எழுந்து உட்கார்ந்திருப்பான். அம்மா இன்னும் அங்கேயேதான் இருக்கிறாள் என்று தெரிந்திருக்கும். தெரிந்தால் வந்திருப்பான். படம் போட்டு ஒரு வருஷம் ஆகிறது. அப்போ பார்க்கவில்லை. முப்பதாயிரம் பேர் என்ன பெரிய கணக்கு, இந்த ஊரில் ஒரு திருவிழாவுக்குக் கூடுகிற கூட்டம், அதில் அவன் இல்லை, அவ்வளவுதான். பார்த்திருந்தால் வந்திருப்பான். வரவில்லை, அதனால் பார்க்கவில்லை. பார்த்துவிட்டும் வரவில்லை என்றால்? சீ, அந்த நினைப்பே வேண்டாம், அதைத் தள்ளு. பார்க்கவில்லை. பார்த்து, கட்டை விரலால் தள்ளிவிட்டு, அடுத்த படத்துக்குப் போயிருந்தால்? வாயை மூடு, கழுதை. அவன் போன அன்றைக்கு இந்தச் சுவரைக் காட்டித்தான் கத்தினான். "இது வுழப்போவுதும்மா, சொன்னா கேளு, சாவி குடுக்குறாங்க, வாங்கிக்கினு போலாம்." இவள் கேட்டாளா? உங்கப்பன் செத்த வூடு, நான் வரமாட்டேன், உனக்கு உசுரு வெல்லமா இருந்தா நீ போ என்றாள். வாய், வாய். அவன் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னான், "நீயே கட்டிக்கினு அழு இந்தச் செவுத்த." மூன்று வருஷம். போன் போட்டால் அந்த நம்பர் இல்லை என்கிறாள் ஒரு பொம்பளை, எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறாள். அவன் வெறுத்த சுவரை அவனுக்காகவே கட்டிக்கொண்டு அழுகிறாள் இவள். இதைச் சொல்லிச் சிரிக்கக்கூட ஆள் இல்லை.

தம்பி போய்விட்டான். அடுத்த வருஷம் வர்றேம்மா என்று சொல்லிவிட்டுத்தான் போனான். கீழே கூட்டம் வேனில் ஏறுகிற சத்தம், சிரிப்பு, யாரோ தபால் பெட்டியைக் கடைசியாக ஒருமுறை தட்டிப் பார்த்தார்கள், டங்கென்றது. பூங்காவனம் கதவைச் சாத்திவிட்டு வந்து படத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டு முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தாள். நல்லாத்தான் இருக்கிறாள், ஒடிந்த கொம்பு மாதிரி. பக்கத்தில் சுவர். சுவரில் விரிசல், அது விரிசலா, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள், ஒரு தலைமுடி. பென்சிலால் கோடு இழுத்தது போல ஒரு முடி, அதன்மேல் முருகன் படத்துக் கண்ணாடி மின்னிக்கொண்டு. இதுவா? இவ்வளவுதானா இருந்தது? தினமும் பார்க்கிற முகம் வயசானது தெரியாது, பிள்ளை வளர்வது பெத்தவளுக்குத் தெரியாது, அப்படித்தான் அவளுக்கு இது தெரியாமல் போனது, கந்தலை அடைத்து அடைத்து, போன தடவை எவ்வளவு கந்தல், இந்தத் தடவை எவ்வளவு என்று எவள் பார்த்தாள். ஆணியிலிருந்து புடவையை எடுத்தாள். சுண்ணாம்பு பொரிந்து விழுந்திருந்தது. உடைந்த மயில் கண்ணாடியின் ஒரு பாதி இந்தப் பக்கம், ஒரு பாதி அந்தப் பக்கம், நடுவில் இடைவெளி. கந்தலைப் பிடித்து இழுத்தாள், வந்தது, வந்துகொண்டேயிருந்தது, அவளுடைய பழைய பாவாடை ஒன்று முழுசாக வந்தது. கையை விட்டாள். விரல் போனது. உள்ளங்கையைக் குறுக்கித் தள்ளினாள், மணிக்கட்டு வரை போனது. உள்ளே காற்று. அந்தப் பக்கத்திலிருந்து, வெளியிலிருந்து, குளுகுளுவென்று கடல்காற்று அவள் விரல்களைத் தொட்டது. ஒரு வருஷத்தில். படம் பொய் சொல்லாது, அந்தத் தம்பிக்கு என்ன தெரியும், அவனுக்கு வெளிச்சம் வேண்டும், அவ்வளவுதான், ஆனால் இந்த வீட்டில் மறைக்காமல் நின்ற சாட்சி அவன் படம் ஒன்றுதான். கீழே மோனிஷாவின் வளையல் சத்தம் கேட்டது. ரெண்டு கை நிறையக் கண்ணாடி வளையல், ஏழாம் மாசம் போட்டது, பிள்ளை பெறுகிற வரைக்கும் கழற்றமாட்டாள். இந்தக் கொஞ்ச நாளாக அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பூங்காவனம் சுவரைத்தான் திரும்பிப் பார்க்கிறாள், உடைந்தது அதுவா இதுவா என்று.

சொல்லிவிடலாம். இப்போதே இறங்கிப்போய்ச் சொல்லிவிட வேண்டும். படி இறங்கும்போது வார்த்தையை அடுக்கிக்கொண்டே போனாள். ஜெகதா, கண்ணாடி உடஞ்சு போச்சுடி. இன்னிக்கா? இல்லடி, எப்பவோ. எப்பவோன்னா? முதல் மாடித் திருப்பத்தில் நின்றாள். அந்த எப்பவோவை எப்படிச் சொல்வது? ஒவ்வொரு நாளும் நல்லா கீதுடி என்று சொன்ன வாய், அந்த வாயை நம்பித்தானே பெண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டிவந்தாள். காலியான வீட்டுச் சுவரில் யாரோ பிள்ளையின் உயரத்தைக் கோடு கோடாகக் குறித்து வைத்திருந்தார்கள், அதையும் படம் பிடித்துப் போயிருப்பார்கள். இறங்கினாள். ஜெகதா மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். மோனிஷா தரையில் காலை நீட்டி, வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, அந்தக் கூட்டத்துப் பெண் எடுத்த படத்தைப் போனில் காட்டினாள், "பெரிம்மா, பாரேன், நான் எப்படி கீறேன்னு. வயித்த தொட்டுப் பாக்கலாமான்னு கேட்டுச்சு அந்தக்கா." பின்னால் பீரோ. பீரோவுக்குப் பின்னால். ஜெகதா நிமிர்ந்து, "இன்னாக்கா, மூஞ்சி ஒரு மாரியா கீது? கண்ணாடி நல்லாத்தானே கீது?" என்றாள். "அத்த வுடு. நான் இன்னா சொல்றேன்னா, மோனிஷாவ அவ புருஷன் வூட்டுக்கே அனுப்பிடேன்டி. அங்கயே பெத்துக்கட்டும்." வெளியே வந்துவிட்டது. வர வேண்டியது உள்ளே நின்றுவிட்டது, வரக்கூடாதது வந்துவிட்டது. ஜெகதாவின் கை பின்னலில் நின்றது. "இன்னாது? தலப்பிரசவத்துக்கு வந்த பொண்ண திருப்பி அனுப்பவா? வளகாப்பு போட்டு, ஊர்ப்பட்ட ஜனம் பாக்க இட்டுக்கினு வந்த பொண்ண? எதுனா கெட்டு வந்தாளா அவ?" "அதில்லடி ஜெகதா..." "பின்ன எது? வயித்தெரிச்சலாக்கா? உன் புள்ள உன்ன வுட்டுப் பூட்டான்னா, என் வூட்ல ஒரு புள்ள வர்றது உனக்குப் பொறுக்கலியா?" மோனிஷா "அம்மா, சும்மா இரும்மா" என்றாள், வளையல் குலுங்கியது. பூங்காவனம் வாயைத் திறந்தாள். இப்போது சொன்னாலும், இவள் பொறாமையில் பொய் சொல்கிறாள் என்றுதான் சொல்வாள். இல்லை, அது சாக்கு. மேலே வந்து பார் என்று கையைப் பிடித்து இழுத்தால் வருவாள், கையை விரிசலுக்குள் விட்டுக் காட்டினால் நம்புவாள். அப்புறம் இன்ஜினியருக்குப் போன், அப்புறம் வேன், அப்புறம் பூட்டு, அப்புறம் ஜே.சி.பி. அப்புறம் ஒருநாள் லோகு வந்து நிற்பான், வெறும் மண்மேட்டுக்கு முன்னால், யாரைக் கேட்பான். "நான் ஒண்ணும் சொல்லலடி" என்றாள். திரும்பிப் படி ஏறினாள். முழங்கால் வலித்தது.

அடுப்பில் உலைத் தண்ணீர் பாதி சுண்டியிருந்தது, வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். இன்னொரு சொம்பு ஊற்றி, கொதித்ததும் அரிசியைக் களைந்து போட்டாள். பாவாடையைச் சுருட்டி மறுபடி விரிசலுக்குள் அடைத்தாள், போதவில்லை, சுவரிலிருந்து எடுத்த புடவையைக் கிழித்து அதையும் அடைத்தாள். சுண்ணாம்பைக் குழைத்துப் பூசினாள். தம்பி கொடுத்த படத்தைக் கவிழ்த்து, பின்பக்க ஆணிகளை நெம்பி, கண்ணாடியை உருவினாள். மண்ணெண்ணெய், ஸ்கேல், ஒரே இழுப்பு. அழகாக அறுந்தது, நேராக, லோகுவே அறுத்த மாதிரி, மிச்சம்தான் வழக்கம்போல நொறுங்கிப்போனது. எம்-சீலைப் பிசைந்து ரெண்டு பக்கமும் வைத்து, கண்ணாடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள், கல்லாகட்டும் என்று, ஜன்னலில் நிற்பது போலவே, அசையாமல். பேறுகாலத்துக்கு இன்னும் எவ்வளவு, பத்து நாளோ என்னவோ, பெரியாஸ்பத்திரியில் பெத்து, அங்கேயே ரெண்டு நாள் இருப்பாள், அப்புறம்? அப்புறம் பிள்ளையோடு இங்கேதான் வருவாள். மழைக்காலம் வரைக்கும் தாங்கும். இவ்வளவு நாள் நின்ற சுவர் இன்னும் கொஞ்ச நாள் நிற்காதா. நின்றுவிட்டால் யாருக்கு என்ன கெட்டது, லோகு வந்ததும் அவனே சொல்வான், சரிம்மா போலாம் என்று, அன்றைக்கே சாவியை வாங்கிக்கொண்டு எல்லோரும் போய்விடலாம், ஜெகதாவையும் கூட்டிக்கொண்டு, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு. அவன் வந்தால். வருவான். வராவிட்டால் இந்தச் சுவர் எதற்கு? இந்தக் கேள்வியில் வந்து நின்றால் அதற்கப்பால் வழி கிடையாது, பலமுறை வந்து நின்று பார்த்தாயிற்று, திரும்பிவிட வேண்டியதுதான். கையை எடுத்தாள். கண்ணாடி நின்றது. வெயில் பட்டு மின்னியது, சூப்பராக. கண்ணாடியில்லாத படத்தில் அந்தப் பூங்காவனம் முடியளவு விரிசலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், அவளைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. அடுப்பைத் தணித்துவிட்டுச் சட்டியை மூடினாள்.

சோறு பதமாகிக் கஞ்சி வடிக்கும்போதுதான் கேட்டது. டிக். சின்ன சத்தம். வளையல். மோனிஷா புரண்டு படுத்திருப்பாள். வளையல்தான். கஞ்சி பாதி வடிந்து நின்றது, கையில் ஆவி அடித்தது, சுடுவது தெரிந்தது, தெரிந்தும் பிடித்துக்கொண்டே நின்றாள். சுவரைப் பார்க்காமல் இருந்தால் அது வளையல். பார்க்காதே. பார்த்தாள். மூலைக்கு மூலை, குறுக்காக, தம்பியின் கண்ணாடியில் ஒரு கோடு. முதலில் வைத்தது மாசக்கணக்கில் நின்றது, அப்புறம் வாரக்கணக்கு, இது ஒரு வேளைச் சோறு வடிகிற வரைக்கும் நிற்கவில்லை. சட்டியை இறக்கி வைத்தாள். கால் தானாக நடந்து எதிர்ச் சுவருக்குப் போனது. லோகு படத்தை ஆணியிலிருந்து எடுத்தாள். அவனே சட்டம் போட்டது, நல்ல தேக்குச் சட்டம், கடைக்காரனுக்குத் தெரியாமல் போட்டேன் என்று சொல்லிக் கண்ணடித்தான். கண்ணாடியை உருவினாள். கண்ணாடி போனதும் மூன்று வருஷத்துக்கு அப்புறம் அவன் கன்னத்தைத் தொட்டாள், பேப்பராக இருந்தது. கண்ணாடியைத் தரையில் வைத்து ஸ்கேலைத் தேடும்போது படியடியிலிருந்து ஜெகதாவின் குரல் வந்தது. கோபமெல்லாம் கரைந்த குரல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அக்கா, கோச்சுக்காதக்கா. பெத்த வயிறு, பொசுக்குனு வந்துடுச்சு வார்த்த. உனக்கு வஞ்சிரத் தலைக் கொழம்பு எடுத்து வெச்சுக் கீறேன், வந்து எடுத்துக்கோ. இவ படுக்கமாட்டேன்றா, நீ அப்படிச் சொன்னதுல பயந்து கீறா. உன் வாயால ஒரு தபா சொல்லிடு, அத்த கேட்டாத்தான் தூங்குவா. கண்ணாடி எப்படிக்கா கீது?" பூங்காவனம் சுவரைப் பார்த்தாள், கோடு இன்னும் கொஞ்சம் அகன்றிருந்தது.

"நல்லா கீதுடி. நீ அவள படுக்க வையி" என்றாள். சொல்லிவிட்டு, கட்டரை மண்ணெண்ணெயில் தோய்த்தாள்.